ஆளுக்கொரு நாற்காலி

தோல் கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை என்றால், பிளக் வைத்த எந்தப் பொருள் நின்றாலும் நம்மைத்தான் கூப்பிடுவார்கள். ஆம்பூரில், ஷூவின் மேல்பாகம் தைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிற ஒரு ஃபேக்டரியில் பதினோரு வருடம் அந்த வேலையில் இருந்தேன். 'கம்ப்யூட்டர் மேடம்' என்றுதான் கூப்பிடுவார்கள். சீலிங் ஃபேன், கேன்டீன் கிரைண்டர், ஜி.எம். அறையின் காலிங் பெல் எல்லாம் என் கைபட்டு ஓடியிருக்கின்றன. வேலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வருவேன். ஒருநாள் பக்கத்து சீட்டுப் பெரியவர், நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, பேத்தியின் கால்குலேட்டரை எடுத்து என் மடியில் வைத்துவிட்டார். இந்தத் தொழிலில் இருக்கிற தோழர் தோழியருக்கு இதெல்லாம் புதிதில்லை. நான் சொல்ல வந்தது, பாதுகாப்பு என்று நினைத்து நான் போட்ட ஒரு பூட்டைப் பற்றி.

வாட்ச்மேன் நோட்டு

தொண்ணூறுகளின் நடுவில் நான் சேர்ந்தபோது பன்னிரண்டு கம்ப்யூட்டர்களும் ஒரு சர்வரும் இருந்தன. சர்வர் இருந்த அறைக்கு ஏசி உண்டு. ஜி.எம். அறையை விட்டால் ஃபேக்டரியில் ஏசி அங்கேதான் என்பதால், மே மாதத்தில் எல்லோருக்கும் என்னிடம் கேட்க ஏதாவது சந்தேகம் வந்துகொண்டே இருக்கும். சர்வருக்குப் பின்னால் வரிசையாகத் தயிர் டப்பாக்கள் குளிர்ந்துகொண்டிருக்கும்.

ஆளுக்கு ஒரு பெயர் சர்வரில் இருந்தது. பாஸ்வேர்டு மட்டும் எல்லோருக்கும் ஒன்றே: ஃபேக்டரியின் டெலிபோன் நம்பர். இது ஆகாது என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பாஸ்வேர்டு போட்டு, யாரிடமும் சொல்லக் கூடாது என்று எச்சரித்து, துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன். ஒரு வாரம் மனநிறைவோடு இருந்தேன். தோல் குடோனைப் பார்த்துக்கொண்ட ரஃபீக் பாய், பதினெட்டு வருட சர்வீஸ் உள்ளவர், என் நிம்மதியைப் பார்த்துப் பாவப்பட்டோ என்னவோ, ஒருநாள் வந்து சொன்னார்: "எதுக்கும் பேஜார் ஆவாதீங்க மேடம். யாருக்கு எது மறந்தாலும் கேட்ல கேட்டுக்கலாம். வாட்ச்மேன் நோட்ல எல்லாரோடதும் எழுதி வெச்சிருக்காரு."

ரிசைன் பண்ணியவர்

அடுத்த வருடம் ஒரு ஆர்டரில் யாரோ பிரவுன் என்றிருந்ததைக் கறுப்பு என்று மாற்றிவிட்டார்கள். கட்டிங் மாஸ்டர் ஏகாம்பரத்துக்கு அந்த ஆர்டர் நினைவிருந்ததால் தோல் தப்பித்தது. ஜி.எம். தேவராஜ் சார் என்னைக் கூப்பிட்டு, யார் பண்ணியது என்று கேட்டார். நல்ல மனிதர்தான், ஆனால் கேள்விக்குப் பதில் வரும்வரை கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நம்மையே பார்ப்பார். அந்தப் பார்வைக்கு முன்னால் எனக்குப் பிறந்த ஊர்கூட மறந்துவிடும்.

சர்வரில் தேடிப் பார்த்தேன். மாற்றியது யார் பெயரில் பதிவாகியிருந்தது தெரியுமா? எட்டு மாதத்துக்கு முன்னால் வேலையை விட்டுப் போய்விட்ட ஒருவருடைய பெயரில். அவர் பெயரையும் பாஸ்வேர்டையும் ஐந்தாறு பேர் இன்னும் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். பிரிண்ட் எடுத்துக் கொண்டுபோய் வைத்தேன். ஜி.எம். படித்துவிட்டுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "இங்க இருந்தப்பகூட அவன் இவ்ளோ வேலை செஞ்சதில்லையேம்மா."

எஸ்-5, எஸ்-6

அதற்குப் பிறகுதான் பூட்டுப் போட்டேன். விஷயம் எளிது. நெட்வொர்க்கில் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஒரு எண் உண்டு, வீட்டுக்குக் கதவெண் மாதிரி. இன்னார் பெயர் இந்த எண்ணிலிருந்து வந்தால் மட்டும் உள்ளே விடு என்று சர்வருக்குச் சொல்லிவைக்கலாம். பெயர் சரி, பாஸ்வேர்டும் சரி, உட்கார்ந்த இடம் மட்டும் தப்பு என்றால் வாசலோடு திருப்பி அனுப்பிவிடும். ஆளுக்கொரு நாற்காலி என்று பட்டியல் போட்டேன். கேன்டீனில் எல்லோரையும் கூட்டி விளக்கினேன். நான் அரைமணி நேரம் சொன்னதை ரஃபீக் பாய் ஒரே வரியில் முடித்துவிட்டார்: "ரிசர்வேஷன் மாதிரி. எஸ்-5ல டிக்கெட் வெச்சினு எஸ்-6ல குந்தக் கூடாது."

முதலில் மாட்டியவர் ஜி.எம். அந்த வாரம் வெளிநாட்டிலிருந்து ஒருவர் வந்திருந்தார். அவருக்கு ஆர்டர் எந்த அளவில் இருக்கிறது என்று காட்ட, கட்டிங் ஹாலில் இருந்த கம்ப்யூட்டரில் உட்கார்ந்து தன் பெயரை அடித்திருக்கிறார். மூன்று தடவை அடித்தும் உள்ளே விடவில்லை. நான் ஓடிப்போய், விருந்தாளி முன்னால், "சார், உங்க பேர் உங்க ரூம்ல மட்டும்தான் எடுக்கும்" என்றேன். விருந்தாளி சிரித்ததால் அவரும் சிரித்தார். விருந்தாளி கார் ஏறியதும் கூப்பிட்டனுப்பினார். ஐந்தே நிமிடத்தில் அவர் பெயருக்கு மட்டும் எல்லா நாற்காலியையும் திறந்துவிட்டேன். அதற்குள் அவர் சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டார்: "இந்த ஃபேக்டரில நான் போவக்கூடாத எடம் லேடீஸ் டாய்லெட் ஒண்ணுதான்னு நெனச்சினு இருந்தேன்."

புது மவுஸ்

இரண்டாவதாக மாட்டியவர் ஏகாம்பரம். டிஸ்பேட்ச் பிரிவுக்குப் புது மவுஸோடு ஒரு கம்ப்யூட்டர் வந்திருந்தது. அதைப் பார்த்து ஆசைப்பட்டு, மதிய நேரத்தில் இரண்டு ஆட்களை வைத்துத் தன் கம்ப்யூட்டரைத் தூக்கி அங்கே வைத்துவிட்டு, அதைத் தூக்கி இங்கே வைத்துக்கொண்டார். எண் கம்ப்யூட்டருக்குள்ளேயே இருப்பதால் அதுவும் கூடவே வந்துவிட்டது. சாயங்காலம்வரை அவரும் உள்ளே போக முடியவில்லை, டிஸ்பேட்சும் உள்ளே போக முடியவில்லை. "ஏன் மாஸ்டர், இடம் மாறக் கூடாதுன்னு அவ்வளவு சொன்னேனே" என்று கேட்டேன். இடுப்பில் கைவைத்து நின்றபடி, துளியும் சங்கடமில்லாமல் சொன்னார்: "நான் என் எடத்துலதான் உக்காந்துனு இருக்கேன் மேடம். கம்ப்யூட்டர்தான் எடம் மாறி வந்திருக்குது. கேக்கறதுன்னா அதைக் கேளுங்க."

நான் பெருமைப்பட்ட நாள்

பூட்டுப் போட்டு ஏழெட்டு மாதம் ஆகியிருக்கும். ஒரு திங்கட்கிழமை காலையில் கட்டிங் ஹாலில் சத்தம். குடோனில் தோலைத் தரம் பிரித்து, முதல் செலக்‌ஷன், மூன்றாம் செலக்‌ஷன் என்று கட்டுக்கட்டாக வைத்திருப்பார்கள். எந்தக் கட்டு எந்த ஆர்டருக்குப் போகிறது என்று குடோன் கம்ப்யூட்டரில் பதிந்த பிறகே கட்டிங்குக்குக் கொடுப்பார்கள். இரண்டு கட்டுகள் மாறிப் பதிவாகிவிட்டன. ஒசத்தி ஆர்டருக்கு மூன்றாம் செலக்‌ஷன் தோல் போய், பாதிக்கு மேல் வெட்டியும் ஆகிவிட்டது. வாங்குகிறவரின் இன்ஸ்பெக்டர் அன்றைக்கென்று வந்து நின்று, கையில் எடுத்துப் பார்த்துவிட்டுக் கீழே போட்டார். ஆர்டரே ரத்தாகும் என்ற பேச்சு வந்தது. சென்னை ஹெட் ஆபீசிலிருந்து, யார் காரணம், அவரை வீட்டுக்கு அனுப்புங்கள் என்று போன்.

ஜி.எம். என்னைக் கூப்பிட்டார். இந்தத் தடவை என்னிடம் பதில் இருந்தது. பத்தே நிமிடத்தில் பிரிண்ட் எடுத்துவிட்டேன். பெயர் ரஃபீக், எண் குடோன் கம்ப்யூட்டருடையது. பெயரும் இடமும் அச்சாகப் பொருந்தின. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அந்தக் காகிதத்தைக் கொண்டுபோனபோது எனக்கு ரஃபீக் பாயின் முகம் நினைவுக்கு வரவில்லை. என் பூட்டு வேலை செய்கிறது என்ற பெருமைதான் இருந்தது. பாய்க்கு மெமோ போயிற்று. எட்டு நாளில் எழுத்துமூலம் விளக்கம் தரவேண்டும், திருப்தியாக இல்லாவிட்டால் வேலை இல்லை. வாங்கிக்கொண்டு குடோனுக்குத் திரும்பிப் போனார். ஜி.எம். மட்டும் என்னைப் பாராட்டினார்: "இத்தினி வருஷத்துல மொத தடவையா ஒரு பேர் சொல்லியிருக்கம்மா."

ஒரு மணி பத்து நிமிடம்

அந்த வாரம் வெள்ளிக்கிழமை குடோன் பிரிண்டருக்கு ரிப்பன் மாற்றப் போனேன். மணி ஒன்றிருக்கும். பக்கத்துத் தெரு மசூதியிலிருந்து ஒலிபெருக்கியில் பிரசங்கம் கேட்டுக்கொண்டிருந்தது. ரஃபீக் பாயின் நாற்காலி காலி. ஏகாம்பரமும் இரண்டு கட்டிங் ஆட்களும் தோல் கட்டுகள்மேல் உட்கார்ந்து காத்திருந்தார்கள்.

"பாய் எங்க மாஸ்டர்?"

"தொழுகைக்குப் போயிருக்காரு. ரெண்டு மணிக்கு வந்துருவாரு."

"அதுவரைக்கும் வேலை நிக்குதா? வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை இப்படியேவா?"

"ஏன் நிக்குது? எப்பவும் பிளானிங் ஸ்டெல்லா வந்து உக்காந்து பாத்துக்கும். அது திங்கக்கிழமைலேர்ந்து லீவு. திருப்பத்தூர்ல அம்மாவுக்குக் கண்ணு ஆபரேஷன்."

இரண்டு வருட ஏற்பாடாம் அது. வெள்ளிக்கிழமை பன்னிரண்டிலிருந்து ரெண்டுவரை பாய் நாற்காலியில் ஸ்டெல்லா. கிறிஸ்துமஸ், புனித வெள்ளி என்றால் ஸ்டெல்லா நாற்காலியில் பாய். யாரும் உத்தரவு போடவில்லை, யாரும் கையெழுத்துப் போடவில்லை, வேலை மட்டும் நிற்காமல் நடந்திருக்கிறது. ஃபேக்டரி முழுக்கத் தெரிந்த இந்த விஷயம், நாற்காலிக்கு நாற்காலி பட்டியல் போட்ட எனக்குத் தெரியாது. அந்த நேரத்தில் நான் ஏசி அறையில் தயிர் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருப்பேன்.

மேலே ஓடிப்போய் அந்த பிரிண்டின் நகலை டிராயரிலிருந்து எடுத்தேன். நாலு நாளாக அங்கேதான் கிடந்தது. பெயருக்கும் எண்ணுக்கும் பக்கத்திலேயே கிழமையும் நேரமும் இருந்தன. வெள்ளி, ஒரு மணி பத்து நிமிடம். ஜி.எம்மும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. காகிதத்தோடு மறுபடி குடோனுக்குப் போய் ஏகாம்பரத்திடம் காட்டினேன். கையைத் தூர நீட்டிப் பிடித்துப் படித்தார். "இன்னா மேடம், உங்க கம்ப்யூட்டருக்கு வெள்ளிக்கிழமை தெரியாதா?"

பாய் சொன்னது

ரெண்டு மணிக்கு ரஃபீக் பாய் வந்தார். தொப்பியை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே, என் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் முதல் நாளிலேயே தெரிந்திருக்கிறது.

"ஏன் பாய் சொல்லல?"

"சொன்னா அந்தப் பொண்ணுக்கு மெமோ போவும். அதுக்கு இன்னும் பர்மனென்ட் ஆவல, இந்த மாசம்தான் லெட்டர் வரணும். தூக்கிப் போட்டுருவாங்க. எனக்கு சர்வீஸ் இருக்குது, கொஞ்சம் யோசிப்பாங்கன்னு நெனச்சேன். எனக்காக வந்து உக்காந்த பொண்ணு மேடம்."

"உங்க பாஸ்வேர்டை ஏன் குடுத்தீங்க?" என்று கேட்டேன். கேட்கும்போதே பதில் எனக்கு வந்துவிட்டது. பூட்டுப் போட்ட முதல் வெள்ளிக்கிழமை ஸ்டெல்லா என் அறைக்கு வந்தாள். பாய் சீட்டில் என் பேர் எடுக்க மாட்டேங்குது மேடம் என்றாள். எதற்கு அங்கே உட்கார்ந்தாய் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நான் டிபன் பாக்ஸிலிருந்து தலையைத் தூக்காமல், "உங்க சீட்ல உக்காருங்க, எடுக்கும்" என்றேன். அதுவரைக்கும் அவள் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் தன் பெயரைத்தான் அடித்துக்கொண்டிருந்தாள். என் பூட்டு வந்த பிறகுதான் பாயின் பெயரை அடிக்க வேண்டியதாயிற்று. ஜி.எம்முக்கு ஐந்து நிமிடத்தில் எல்லா நாற்காலியையும் திறந்துவிட்ட நான், இவளுக்கு ஒரு நாற்காலியைத் திறக்கவில்லை. எனக்கு அழுகை வரும்போல இருந்தது. பாய் எனக்குச் சமாதானம் சொன்னார், மெமோ வாங்கியவர் அவர்: "நீங்க உங்க வேலையைப் பாத்தீங்க, நாங்க எங்க வேலையைப் பாத்தோம். யாரும் யாரையும் கேக்கல, அவ்ளோதான் மேடம்."

ஜி.எம். அறையில்

நேராக ஜி.எம். அறைக்குப் போனேன். பாயின் பெயரில் பதிவானபோது பாய் மசூதியில் இருந்தார் என்று சொன்னேன். கண்ணாடி கழன்றது.

"அப்ப இந்தப் பேப்பருக்கு இன்னாம்மா அர்த்தம்?"

"அந்த நாற்காலியிலேர்ந்து தட்டினாங்கன்னு அர்த்தம் சார். தட்டினது யாருன்னு இதுக்குத் தெரியாது."

"உனக்குத் தெரியுமா?"

தெரியும் என்று சொன்னால் அடுத்த கேள்வி என்ன என்று தெரியும். "ஒருத்தர் பேர்ல இன்னொருத்தர் வரக் கூடாதுன்னுதான் சார் பூட்டே போட்டேன். என் பட்டியல் தப்பு, அதனாலதான் வந்துச்சு. ஹெட் ஆபீசுக்கு என் பேரைக் குடுங்க" என்றேன். தைரியம் என்று நினைக்காதீர்கள். மேஜையைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னேன். திங்கட்கிழமை பார்க்கலாம் போ என்று விட்டார்.

திங்கட்கிழமை ஸ்டெல்லா வேலைக்கு வந்தாள். ஏகாம்பரம் கேட்டிலேயே நிறுத்தி நடந்ததை எல்லாம் சொல்லிவிட்டார். அவள் பிளானிங்குக்குக்கூடப் போகாமல், தோளில் சாப்பாட்டுப் பையோடு நேராக ஜி.எம். அறைக்குள் போய்விட்டாள். கேள்விப்பட்டு நானும் பாயும் பின்னாலேயே ஓடினோம். நாங்கள் நுழையும்போது அவள் பேசிக்கொண்டிருந்தாள். "தட்டினது நான்தான் சார். ரெண்டு கட்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சிட்டாங்க, அவசரத்துல நம்பரை மாத்திப் பாத்துட்டேன். பாய்க்கு ஒண்ணுமே தெரியாது." பாஸ்வேர்டைக் கொடுத்தது என் தப்பு சார் என்றார் பாய். நான் வெள்ளிக்கிழமை சொன்னதையே திரும்பச் சொன்னேன். ஜி.எம். எங்களை வரிசையாகப் பார்த்தார். "ஒரு தப்புக்கு மூணு பேர் வந்து நிக்கிறீங்க. மூணு மெமோ அடிக்க டைப்பிஸ்ட் ஒருத்திதானேம்மா இருக்கா."

என் முதல் மெமோ

வெட்டிய தோலை வேறொரு மலிவு ஆர்டருக்குத் திருப்பிவிட்டார்கள். முதல் செலக்‌ஷனில் புதிதாக வெட்டி, பத்து நாள் தாமதத்தில் சரக்கு போயிற்று, ஆர்டரும் தப்பித்தது. பாயின் மெமோவை ஜி.எம். வாபஸ் வாங்கினார். ஸ்டெல்லாவைக் கூப்பிட்டு நன்றாகத் திட்டினார், பர்மனென்ட் லெட்டர் இரண்டு மாதம் தள்ளி வந்தது, வந்துவிட்டது. ஹெட் ஆபீசுக்கு ஒரு பெயர் போகவேண்டுமே, என் பெயர் போயிற்று. அந்த வருடம் எனக்கு வரவேண்டிய பதவி உயர்வும் அதோடு போயிற்று. வெள்ளிக்கிழமை அந்த இரண்டு மணி நேரத்துக்கு மட்டும் ஸ்டெல்லாவின் பெயருக்குக் குடோன் நாற்காலியையும், அவள் விடுமுறை நாட்களில் பாயின் பெயருக்குப் பிளானிங் நாற்காலியையும் திறந்து வைத்தேன். செய்து முடிக்க நாலு நிமிடம் ஆயிற்று. அந்த நாலு நிமிடத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் கோபம்தான் வருகிறது.

எனக்கும் மெமோ வந்தது, விளக்கம் எழுத உட்கார்ந்தேன். அதுவரை நான் மெமோவே வாங்கியதில்லை, எப்படி ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை. மூன்று காகிதத்தைக் கசக்கிப் போட்ட பிறகு ரஃபீக் பாய் ஏசி அறைக்குள் வந்தார். நாலாக மடித்த ஒரு தாளை எடுத்து மேஜைமேல் வைத்தார். பிரித்துப் பார்த்தேன். அழகான கையெழுத்தில், நடந்த தவறுக்கு முழுப் பொறுப்பும் தன்னுடையது, இதில் வேறு யாருக்கும் சம்பந்தமில்லை, இனி இப்படி நடக்காது என்று நாலே வரி. தேதியைப் பார்த்தேன், அவருக்கு மெமோ வந்த அன்றே எழுதியிருக்கிறார். அவர் சர்வருக்குப் பின்னால் போய்த் தன் தயிர் டப்பாவை எடுத்துக்கொண்டு, கதவருகே நின்று சொன்னார்: "நல்லா யோசிச்சு எழுதினது மேடம், வேஸ்ட்டாப் போயிடும். பேரை மட்டும் மாத்திக்குங்க."

பிறகு வேறு மூன்று கம்பெனிகளுக்கு யார் எங்கே உட்காரலாம் என்று பட்டியல் போட்டுக் கொடுத்துவிட்டேன், ஒவ்வொன்றிலும் பட்டியலைத் தொடும் முன் ஒரு மாதம் சும்மா சுற்றிவந்து யார் யாருக்காக எந்த நாற்காலியில் உட்காருகிறார்கள் என்று பார்ப்பேன், அந்த ஒரு மாதத்தைத்தான் மூன்று முதலாளிகளும் நான் வேலையே செய்யாத மாதம் என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.